மறதி நோயும் மாணவர் தொண்டும்

1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநில எல்லைகள் திருத்தியமைக்கப்பட்டபோது, தென் திருவிதாங்கூரின் நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. பாறசாலையை உள்ளடக்கிய நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நீடித்தது. இவ்வெல்லைக் கிராமங்களில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முதியோர் உள்ளனர்; அவர்தம் பேரக்குழந்தைகளுள் பலர் மலையாளத்தில் பயில்கின்றனர்.

மறதி நோய் முதுமையின் இயல்பன்று. மூளையைத் தாக்கும் நோயாகும். பெரும்பாலும் அண்மை நினைவுகள் முதலில் மறைகின்றன; இளமை நினைவுகள் நெடுநாள் தங்குகின்றன. இருமொழி அறிந்த நோயாளிகளுள் சிலர் தாய்மொழிக்கே திரும்புவதும் உண்டு. மலையாளத்தில் கேட்டால் வாய் திறவாதவர், ‘பாட்டா, சாப்பிட்டாச்சா?’ எனக் கேட்டால் விடை கூறக்கூடும். இதனை உணராத வீட்டார், அவர் பேச்சையே இழந்துவிட்டதாகக் கருதிவிடலாம்.

1969-இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டத்தின் மாணவர்கள் இங்குப் பெரிதும் உதவ இயலும். தமிழறிந்த ஒரே மாணவர் வாரந்தோறும் குறித்த வேளையில் செல்லுதல் நலம். ஒவ்வொரு முறையும் தம் பெயரைக் கூறிக்கொள்ள வேண்டும். நினைவைச் சோதித்தலும் பிழை திருத்தலும் கூடா. மருத்துவம் மாணவர் பணியன்று. ஆயினும், அந்த ஒரு மணி நேரத்தில் முதியவருக்குப் பேச்சுத்துணையும், அவரை இரவும் பகலும் பேணுபவருக்குச் சிறிது ஓய்வும் கிட்டுகின்றன.