சவரக்கத்தி கற்பிக்கும் பாடம்

கடல் மட்டத்திற்கு 4,000 அடிக்கும் மேலே அமைந்துள்ள நமது ஹட்டனில், பனி மூடிய காலையில் முகச்சவரம் செய்துகொள்வது ஆடவர்க்கு ஒரு சிறு சோதனையே. 1904ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய ஜில்லெட், மாற்றத்தக்க அலகுடைய சவரக் கருவிக்குக் காப்புரிமை பெற்றபின் அச்சோதனை எளிதாயிற்று. ஆயினும், பழைய மடக்குக் கத்தியைத் தம் கையாலேயே பிடித்துப் பழக விரும்பும் இளைஞர் இன்றும் உளர். அவர்களுக்குச் சில சொல்ல விழைகிறோம்.

முதலில் வெந்நீரால் முகத்தை நன்கு நனைத்தல் வேண்டும். நீர் ஊறிய மயிரே எளிதில் அறும். சவர்க்கார நுரையைத் தூரிகையால் தடவியபின், ஒரு கையால் தோலை இழுத்துப் பிடித்து, கத்தியை முகத்தோடு ஏறக்குறைய 30 பாகை சாய்த்து, மயிர் வளரும் திசையிலேயே வழித்தல் நன்று. முதற் சில நாட்கள் கன்னத்தோடு நிறுத்துக. மோவாயும் மேலுதடும் பின்னர் ஆகட்டும். கத்தியைப் பக்கவாட்டில் ஒருபோதும் இழுத்தலாகாது. கவ்வாத்துக் கத்திக்கு வலிமை வேண்டும். சவரக்கத்திக்கோ மென்மை வேண்டும். அழுத்துபவனுக்கே காயம் உண்டாகும். சிறு கீறலுக்குப் படிகாரம் போதும்.

சவரத்திற்கு முன் கத்தியைத் தோல் வாரில் தீட்டுக. அப்போது முதுகு முன்செல்ல, கூர் பின்தொடர வேண்டும். மாறினால் வாரும் கெடும், கூரும் கெடும். மலைநாட்டு ஈரக்காற்றில் உருக்கு விரைவில் துருப்பிடிக்குமாதலின், துடைத்து உலர்த்தி எண்ணெய் பூசி வைத்தல் அவசியம். ஒருவர் கத்தியை மற்றவர் பயன்படுத்தல் ஆகாது. ஈரலைத் தாக்கும் நோய்க் கிருமிகள் இரத்தத்தின் வழியே பரவக்கூடும்.

இத்தனையும் பழகத் தொடங்கும்போதுதான் நாவிதரின் கைத்திறன் எத்தகையதென்பது நமக்குப் புலனாகிறது. நம் முகத்தில் நாமே செய்ய அஞ்சுவதைப் பிறர் முகத்தில் அவர் அன்றாடம் செய்கின்றார். அத்தகையவரையே நம் சமூகம் நெடுங்காலம் தாழ்வாக நடத்திற்று.

தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரில் வெள்ளைக்கார நாவிதர் ஒருவர் காந்தியடிகளுக்கு முடி வெட்ட மறுத்தார். அடிகள் தாமே முடிவெட்டும் கருவி வாங்கிக் கண்ணாடி முன் நின்று வெட்டிக்கொண்டார். பின்தலை அலங்கோலமாயிற்று, நீதிமன்றத்து நண்பர்கள் நகைத்தனர். எனினும் அந்நாவிதர்மீது அவர் சினம் கொள்ளவில்லை. தாழ்த்தப்பட்ட நம் சகோதரர்க்குப் பணிசெய்ய நம் நாவிதரை நாமே விடாதிருந்தோமே, அதன் பயனன்றோ இது என எண்ணினார். தமது சுயசரிதையில் இதனை அவரே எழுதியுள்ளார்.

ஆகவே, இளைஞர்களே, கத்தியைப் பழகுங்கள். பொறுமையும் கைநிதானமும் தாமே வரும். அவற்றோடு, அத்தொழிலைச் செய்பவரை 'ஐயா' என அழைக்கும் பண்பும் வருமாயின், அக்கல்வியே முழுமையானது.