வண்டி எப்படியோ, கடை அப்படி

ராமேஸ்வரத்தில் நன்றாக ஓடுகிற கடைகளில் ஒரு வகை எதையுமே விற்பதில்லை. கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் ஒரு சின்ன இடம், சுவரோரமாகக் கட்டம் கட்டமாக அலமாரி, எண் போட்ட டோக்கன், உட்கார ஒரு ஸ்டூல். செல்போனுக்கு இவ்வளவு, பைக்கு இவ்வளவு என்று ஒரு பலகை. கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. இருபத்திரண்டு தீர்த்தத்திலும் வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொள்ளப் போகிறவர் மடியில் பர்ஸை வைத்திருக்கவும் முடியாது. எனவே காலி அலமாரியே முதல். இதே தெருவில் ரயில் வருவதற்கு முன் கடை போட்டிருந்தவரிடம் இப்படி ஒரு வியாபாரம் வரும் என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். அவரிடம் யாத்திரைக்காரர்கள் கேட்டது அரிசி, பருப்பு, விறகு, மண்பானை.

அன்றைக்கு மண்டபத்தோடு நிலம் முடிந்துவிடும். அங்கிருந்து படகில் பாம்பனுக்குப் போய், தீவுக்குள் நடந்தோ மாட்டு வண்டியிலோ ஊர் சேர வேண்டும். காசியிலிருந்து புறப்பட்டவர்களுக்கு இது பல மாத நடையின் கடைசித் துண்டு. அவர்களுக்காகவே தஞ்சை மராட்டிய மன்னர்கள் சேதுவுக்குப் போகும் பாதை நெடுகச் சத்திரங்கள் கட்டி வைத்தார்கள். ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம் அவற்றில் ஒன்று. அவ்வளவு கஷ்டப்பட்டு வந்தவர் சாமியைப் பார்த்த கையோடு திரும்புவாரா? தங்கினார். தனுஷ்கோடியில் கடலாடினார். முன்னோருக்குச் செய்ய வேண்டியதைச் செய்தார். தங்குகிறவர் சமைக்க வேண்டும், சமைக்கிறவருக்கு உப்பிலிருந்து எல்லாம் வேண்டும். ஊர்க்காரருக்கும் யாத்திரைக்காரருக்கும் ஒரே மளிகைக் கடை போதுமானதாக இருந்தது.

அந்தத் தீவின் கடைவீதியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இதுதான். எதை விற்பது என்று கடைக்காரர் முடிவு செய்வதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ராமேஸ்வரத்தில் அதை முடிவு செய்வது வண்டி. வருகிறவர் எதில் வந்து இறங்குகிறார், எத்தனை ராத்திரி தங்குகிறார் என்ற இரண்டு கேள்விக்கும் பதில் மாறும்போதெல்லாம் கடையும் மாறியிருக்கிறது.

முதல் மாற்றம் 1914-இல் வந்தது. பாம்பன் பாலத்தில் ரயில் ஓடத் தொடங்கியது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் விட்டார்கள். மதராஸில் டிக்கெட் வாங்கியவர் ரயிலேறி, கப்பலேறி, மறுபடி ரயிலேறிக் கொழும்பில் இறங்கலாம். அந்தப் போட் மெயில் தனுஷ்கோடியைத் துறைமுக ஊராக்கியது. ரயில் நிலையம், சுங்க அலுவலகம், தபால் நிலையம், மாதா கோயில் எல்லாம் அங்கே இருந்தன. ராமேஸ்வரத்தில் ரயிலடிப் பக்கம் ஒரு கடைவீதி முளைத்தது.

அந்தக் கடைவீதிக்கு நம்பகமான ஒரு சாட்சி கிடைத்திருப்பது நம் அதிர்ஷ்டம். அப்துல் கலாமின் ‘அக்னிச் சிறகுகளை’ ராக்கெட்டுக்காகவும் விடாமுயற்சிக்காகவும்தான் எல்லோரும் படிக்கிறார்கள். நான் அதை ஒரு கடைக்காரப் பையனின் கணக்குப் புத்தகமாகவும் படிப்பதுண்டு. 1939-இல் போர் மூண்டபோது அவருக்கு எட்டு வயது. திடீரென்று சந்தையில் புளியங்கொட்டைக்குக் கிராக்கி வந்துவிட்டது. பையன் பொறுக்கிக்கொண்டுபோய் மசூதித் தெரு மளிகைக் கடையில் போடுவான். ஒரு நாள் பொறுக்கினால் ஓரணா. அந்தக் கிராக்கி ஏன் வந்தது என்று கடைசிவரை தனக்கு விளங்கவில்லை என்கிறார் கலாம். நூலுக்குக் கஞ்சி போடப் புளியங்கொட்டை மாவு உதவும் என்பதால், போர்க்கால ஆலைகளுக்குப் போயிருக்கலாம் என்பது என் ஊகம். அந்த ஓரணாவைப் பார்க்கும்போது இன்னொன்று தெரிகிறது. அந்த மளிகைக் கடை விற்கும் இடமாக மட்டும் இருக்கவில்லை. ஒரு சிறுவன் கொண்டுவரும் கொட்டையையும் எடை போட்டு வாங்கிக்கொண்டது.

அதே போரில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்பதை நிறுத்திவிட்டார்கள். பத்திரிகைக் கட்டுகளை ஓடும் ரயிலிலிருந்து ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் வெளியே எறிவார்கள். ஊருக்கு ஒரே பத்திரிகை ஏஜெண்டாக இருந்த உறவினர் சம்சுதீனுக்கு அந்தக் கட்டுகளைப் பிடிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. கலாமின் முதல் சம்பளம் அதுதான். ரயில் நிற்காதபோது கடையே தண்டவாளத்துக்கு நடந்துபோய்விட்டது, பாருங்கள்.

புத்தகத்தில் என்னைப் பிடித்து நிறுத்திய இடம் வேறு. கல்லூரி விடுமுறைக்கு வரும்போது அண்ணன் முஸ்தபா கமால் தம்பியைத் தன் கடையில் உட்கார வைத்துவிட்டு மணிக்கணக்கில் காணாமல் போய்விடுவார். ரயிலடி ரோட்டு மளிகைக் கடை அது. எண்ணெய், வெங்காயம், அரிசி எல்லாம் போகும். எல்லாவற்றையும்விட வேகமாகப் போனது பீடியும் சிகரெட்டும். இன்னொரு சகோதரர் காசிம் முகமதுவுக்கு ஒரு சின்னப் பெட்டிக்கடை, அதில் சிப்பிச் சாமான்கள். ஆக 1950களின் தொடக்கத்தில் ஒரே குடும்பத்தில் மளிகை பெரிய கடை, சிப்பி சின்னக் கடை. இன்றைக்குக் கோயிலைச் சுற்றி ஒரு நடை போய்ப் பாருங்கள். தராசு அப்படியே கவிழ்ந்திருக்கிறது.

கவிழ்த்தது என்ன? 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் தனுஷ்கோடியை ஊர் என்ற கணக்கிலிருந்தே எடுத்துவிட்டது. பயணிகளோடு ஒரு ரயிலும் கடலில் போனது. அந்தக் கதை பலமுறை எழுதப்பட்டுவிட்டது. கடைகளைப் பொறுத்தவரை, எல்லையூர் வியாபாரம் ராமேஸ்வரத்துக்கு இடம்பெயர்ந்தது. தலைமன்னார்க் கப்பல் இங்கிருந்து புறப்பட்டது. சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கை மலையகத்திலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஏராளமானோர் பெட்டி படுக்கையோடு இந்தக் கரையில்தான் இறங்கினார்கள். 1980களின் முற்பகுதியில், இலங்கையில் போர் சூழ்ந்த நேரத்தில், அந்தக் கப்பலும் நின்றது. அதன்பின் ராமேஸ்வரம் வழியூர் இல்லை. தண்டவாளம் முடிகிற ஊர்.

1988-இல் கடலுக்கு மேல் சாலைப் பாலம் திறந்தார்கள். அதுவரை ரயிலை நம்பியிருந்த தீவுக்கு பஸ்ஸும் காரும் லாரியும் நேரே வந்தன. கடைவீதியின் வரலாற்றில் 1964-ஐவிட இது பெரிய வருஷம் என்பேன். ரயிலில் வந்தவர் அடுத்த ரயில் வரை ஊரில் இருந்தாக வேண்டும். காரில் வந்தவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. விடியற்காலை ஸ்படிக லிங்கம், பிறகு அக்னி தீர்த்தம், இருபத்திரண்டு கிணறு, டிபன், தனுஷ்கோடி, சாயங்காலம் மதுரை. இவருக்கு எதற்கு விறகும் பானையும்? துண்டு வேண்டும், நனைந்த துணியைத் திணிக்க ஒரு பை வேண்டும், சுடச்சுட டீ வேண்டும். ஊருக்குப் போய் அக்கம்பக்கத்தில் கொடுக்க, கையில் அடங்குகிற மாதிரி நாலு சாமான் வேண்டும்.

கையில் அடங்குகிற சாமான் என்றால் இந்த ஊரில் சங்கும் சிப்பியும்தான். எங்கள் வீட்டில் தாயம் ஆடும் சோழிகள்கூட யாரோ ராமேஸ்வரம் போய்வந்தபோது வாங்கி வந்தவை. அன்று சங்கு கடலிலிருந்து வந்த நிலையிலேயே கடைக்கு வந்துவிடும். இன்று அமிலத்தில் கழுவி, சாணை பிடித்து, பளபளவென்று கண்ணாடிக்குள் உட்கார்ந்திருக்கிறது. சிப்பி மாலை, கதவுத் தோரணம், விளக்குக் கூடு, சாவிக்கொத்து; சங்கின்மேல் பெயர் பொறித்துத் தருவதும் உண்டு. கடைப் பையன்கள் இந்தி, வங்காளம், தெலுங்கு என்று ஆளைப் பார்த்து மொழியை மாற்றுகிறார்கள். எந்தப் பள்ளிக்கூடத்திலும் படித்ததில்லை, வாசலில் நின்று கூப்பிட்டே கற்றது. வங்காளத்து அம்மா ஒருவர் சங்கைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதற்கு வேறு காரணமும் இருக்கும். அவர் கையில் கிடக்கிற சங்கு வளையல், மன்னார் வளைகுடாவில் எடுத்துக் கொல்கத்தாவுக்குப் போய் அறுபட்ட சங்காக இருக்கலாம். இந்தக் கடலுக்கும் அந்த மணிக்கட்டுக்கும் பல தலைமுறைக் கொடுக்கல் வாங்கல்.

கண்ணாடிக்குள் இன்று இல்லாதவையும் உண்டு. பவளக் கிளைகள், காய்ந்த கடற்குதிரை, நாட்டிலஸ் ஓடு, டிரைட்டன் சங்கு எல்லாம் ஒரு காலத்தில் பகிரங்கமாக விற்றவை. 1986-இல் மன்னார் வளைகுடாவில் கடல் தேசியப் பூங்கா வந்தது. 2001-இல் கடல் அட்டையையும் கடற்குதிரையையும் பவளத்தையும் சங்கு, சிப்பிகளில் பல இனங்களையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்த்தார்கள். கடைக்காரர் தன் சரக்கில் எது குற்றம், எது பிழைப்பு என்று லத்தீன் பெயர் பார்த்துப் பிரிக்க வேண்டிய நிலை. பவளப் பாறை சிதைந்தால் மீனும் போய்விடும் என்பதால் சட்டம் சரி என்பதே என் கட்சி. ஆனால் வாளியில் நாலு சிப்பி வைத்து விற்கும் பாட்டிக்கு அந்தப் பட்டியலை யார் படித்துக் காட்டினார்கள் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

வலம்புரி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மன்னார்ச் சங்கில் நிஜ வலம்புரி லட்சத்தில் ஒன்று என்று சொல்லும் அளவுக்கு அரிது. அமெரிக்கக் கடற்கரையில் ஒரு நத்தை இருக்கிறது. அதன் ஓடு பிறவியிலேயே வலம்புரிப் பக்கம்தான் சுழலும். சில நூறு ரூபாய்க்கு வலம்புரி கிடைத்தது என்று யாராவது பூரித்தால், பெரும்பாலும் அது கடல் கடந்து வந்த விருந்தாளி.

கங்கை நீரின் கதையும் வண்டியோடு மாறியதுதான். கங்கையைக் கொண்டுவந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்து, சேது மணலை எடுத்துப்போய்ப் பிரயாகையில் கரைப்பது பழைய முறை. நடந்து வந்தவர் தோளில் சுமந்து வந்தார். அப்புறம் வாய் அடைத்த செம்புச் சொம்பாகக் கடைக்கு வந்தது. 2016-லிருந்து தபால் நிலையத்திலேயே பாட்டிலில் கங்கை கிடைக்கிறது. தோளுக்கு விடுதலை.

இவ்வளவும் கோயிலைச் சுற்றிய ஊர். நடக்கும் தூரத்தில் மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டி இன்னொரு ராமேஸ்வரம் இருக்கிறது. சுற்றுலாக்காரர் அங்கே திரும்புவதில்லை. அங்கே விற்பது கயிறு, நைலான் நரம்பு, ஈயக் குண்டு, மிதவை, ஐஸ், படகில் ஏற்றும் அரிசி, வெற்றிலை பாக்கு. இங்கேயும் வண்டிதான் எஜமான், ஆனால் அது கடலில் ஓடுவது. வத்தையும் பருத்தி வலையும் இருந்த காலத்தில் வலைக்குச் சாயமேற்றப் பட்டை விற்றார்கள். விசைப்படகும் நைலானும் வந்தபின் டீசலும் எஞ்சின் உதிரிபாகமும். விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று வாரம் மூன்று நாள் கடலுக்குப் போவது பழக்கம். மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. கடைக்காரரின் வாரமும் அந்தக் கணக்கில்தான் ஓடும். படகு திரும்பிய மறுநாள் பற்று வரவு நோட்டில் வரவுப் பக்கம் நிறையும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம், அப்போது பற்றுப் பக்கம் மட்டும்தான். இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துப் போய்விட்டால், அதை எதிர்த்து ஊரே வேலைநிறுத்தம் செய்தால், தடைக்காலம் காலண்டரைக் கேட்காமல் வந்துவிடும். கோயில் பக்கம் கியூஆர் அட்டை ஒட்டாத இளநீர் வண்டி இல்லை. இங்கேயும் அட்டை தொங்கத்தான் செய்கிறது, ஆனால் நோட்டு கல்லாவை விட்டு எழுந்திருக்கவில்லை. ஸ்கேன் செய்ய முதலில் கையில் பணம் இருக்க வேண்டுமே.

ரயில் இல்லாமல் இந்த ஊர் எப்படியிருக்கும் என்பதற்கு அண்மையில் ஓர் ஒத்திகையும் நடந்தது. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள். வண்டிகள் தீவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டன. 2025 ஏப்ரல் 6 அன்று, மேலெழும் தூக்குப் பாலத்தோடு புதிய பாலம் திறக்கும்வரை, இரண்டேகால் வருஷம் ராமேஸ்வரம் ரயிலடி ரயில் இல்லாத ரயிலடி. கோயில் பக்கம் கூட்டம் குறைந்ததாகத் தெரியவில்லை. கார் வந்துகொண்டே இருந்தது. ஒரு காலத்தில் பீடியும் வெங்காயமும் பறந்த ரயிலடி ரோடு எவ்வளவு தூரம் ஓரங்கட்டப்பட்டுவிட்டது என்பதற்கு அதைவிட அத்தாட்சி வேண்டாம்.

தனுஷ்கோடிக்கு இப்போது தார்ச்சாலை. 2017 வரை முகுந்தராயர் சத்திரத்தோடு சாலை முடிந்துவிடும். அதற்கப்புறம் ஆளை அடைத்த வேன், மணலிலும் தண்ணீரிலுமாக உலுக்கிக்கொண்டு போகும். இப்போது அரிச்சல்முனை வரை காரிலேயே போகலாம். இடிந்த மாதா கோயிலைச் சுற்றியும் சாலையோரத்திலும் ஓலைக் கொட்டகைகள்: சிப்பி மாலை, பொரித்த மீன், நண்டு, மணலில் தோண்டிய ஊற்றுத் தண்ணீரில் போட்ட டீ. ஊர் என்று சொல்லப் பதிவேட்டில் ஒன்றுமில்லாத இடத்தில் மறுபடி ஒரு கடைவீதி.

பொழுது சாய்ந்தால் வெளியாட்கள் இருக்கக் கூடாது. போலீஸ்காரர் விசிலோடு வருகிறார். மாலைகளைக் கொத்தாக எடுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்த பெண், கடைசியாகத் திரும்பும் காரைப் பார்த்து நிமிர்கிறார். கார் நிற்கவில்லை, வேகம் மட்டும் குறைகிறது. கண்ணாடி பாதி இறங்குகிறது.

“கித்னா?”

“சௌ ரூபாய்... அண்ணே, பச்சாஸ் குடுங்க, எடுத்துக்குங்க.”

மாலையைத் தூக்கிப் பிடித்தபடி காரோடு கூடவே நாலு எட்டு ஓடுகிறார்.