வேலையில் பட்ட காயமும் சொக்சோ உரிமையும்



போர்க்களத்தில் காலை இழந்து திரும்பும் வீரனுக்கு அரசு உதவித்தொகை வழங்குகிறது. அதைத் தருமம் என்று யாரும் சொல்வதில்லை; உரிமை என்றே சொல்கிறோம். செம்பனைக் குலை அறுக்கும்போது முள் பாய்ந்து கண்ணை இழந்தவருக்கும், மழைநாளில் பால்வாளியோடு வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டவருக்கும் அத்தகைய உரிமை உண்டு. அதை வழங்குவது சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம். 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 1971இல் அது அமைக்கப்பட்டது. உங்கள் சம்பளத்தில் மாதந்தோறும் பிடிக்கும் சில வெள்ளியும், முதலாளி தம் பங்காகச் செலுத்தும் அதைவிடக் கூடுதலான தொகையும் அங்கேதான் சேருகின்றன.

ஊனம் இருக்கிறது என்பதால் மட்டும் இந்தப் பணம் கிடைத்துவிடுமா? கிடைக்காது. மூன்று செய்திகள் விளங்க வேண்டும். முதலாவது, உடலில் இப்போது என்ன குறை இருக்கிறது? இரண்டாவது, வேலையின்போது என்ன விபத்து நடந்தது? மூன்றாவது, அந்த விபத்தால்தான் இந்தக் குறை வந்ததா? நம் மக்கள் பெரும்பாலும் தடுமாறுவது மூன்றாவது கேள்வியில்தான்.

மனு எழுதித் தரச் சொல்லிப் பள்ளிக்கு வரும் பெற்றோரிடம் நான் முதலில் கேட்பது ஒன்றே. "அடிபட்ட அன்று யாரிடம் சொன்னீர்கள்?" பலருடைய விடையும் ஒன்றுபோலவே இருக்கும். "யாரிடமும் சொல்லவில்லை சார். தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிட்டேன்." ஆறு மாதம் கழித்து இடுப்பு நிமிராமல் போகும்போது, அது வேலையில் பட்ட அடி என்பதற்கு ஒரு வரி எழுத்துகூட இருக்காது. முதுமையால் வந்த வலியாகவும் இருக்கலாமே என்று அதிகாரி கேட்டால் நாம் என்ன சொல்வது?

ஆகவே காயம் சிறிதானாலும் அன்றே மண்டோரிடமோ கங்காணியிடமோ சொல்லுங்கள். செய்தி கிடைத்த 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிப்பது முதலாளியின் கடமை. உடன் வேலை செய்தவர்களில் பார்த்தவர் யார் என்பதையும், நாளையும் நேரத்தையும், எந்த நிரையில் நடந்தது என்பதையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். பிள்ளைகள் எழுதித் தருவார்கள். மருத்துவரிடம் "இடுப்பு வலிக்கிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். "வேலையில் விழுந்தேன், அதிலிருந்து வலிக்கிறது" என்று சொல்லுங்கள். அவர் எழுதும் அந்த ஒரு வரிதான் பின்னாளில் உங்களுக்குச் சாட்சி.

வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும், வேலை முடிந்து நேரே வீடு திரும்பும் வழியிலும் நேரும் விபத்துகளுக்கும் பாதுகாப்பு உண்டு. ஆனால், சொந்தக் காரியத்துக்காக வேறு பாதையில் திரும்பிய இடத்தில் விபத்து நேர்ந்தால் அது கணக்கில் சேராது.

இனி, கிடைக்கும் உதவியைப் பார்ப்போம். விபத்து நடந்த நாளையும் சேர்த்துக் குறைந்தது நான்கு நாள் வேலை செய்ய இயலாது என்று மருத்துவர் சான்று கொடுத்தால், அந்த விடுப்பு நாள்களுக்குச் சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். 60 வெள்ளி சம்பளம் என்றால் நாளுக்கு 48 வெள்ளி.

சிகிச்சைக்குப் பிறகும் குறை தீராவிட்டால் அது நிரந்தர ஊனம். அதன் அளவை மருத்துவர் குழு விழுக்காட்டில் மதிப்பிடும். முழு ஊனத்துக்கு உரிய தொகை சராசரி நாள் சம்பளத்தில் 90 விழுக்காடு. மேற்சொன்ன தொழிலாளிக்கு அது 54 வெள்ளி. அவருடைய ஊனம் 30 விழுக்காடு என்று குழு முடிவு செய்தால், நாளுக்கு 16 வெள்ளி 20 காசு. 30 நாளுக்கு 486 வெள்ளி. இது வாழ்நாள் முழுவதும் வரும். மதிப்பீடு 20 விழுக்காட்டுக்கு மேற்படாவிட்டால் முழுவதையும் ஒரே தொகையாகப் பெற்றுக்கொள்ளலாம். அதற்கு மேற்பட்டால் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் மொத்தமாக வாங்கலாம். மீதி மாதந்தோறும் வரும்.

இரண்டு கெடுக்களை மறந்துவிடாதீர்கள். மருத்துவர் குழுவிடம் செல்ல, தற்காலிக விடுப்பு முடிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். குழுவின் முடிவு குறைவாகத் தோன்றினால் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். "கொடுத்ததை வாங்கிக்கொள்வோம்" என்று பேசாமல் இருந்துவிட வேண்டாம்.

வேலையில் அடிபடாமலே நோயால் முடங்கியவர்களின் கதி என்ன? நீரிழிவால் கால் போனவர்கள், சிறுநீரகம் கெட்டவர்கள் நம் தோட்டங்களில் இல்லையா? அவர்களுக்கென இருப்பது இயலாமை ஓய்வூதியம். இங்கே நோய்க்கும் வேலைக்கும் தொடர்பு காட்ட வேண்டியதில்லை. ஆனால் வேறு நிபந்தனைகள் உண்டு. 60 வயது நிறைந்திருக்கக் கூடாது. வழக்கமான வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குகூடச் சம்பாதிக்க இயலாத நிலை என்று மருத்துவர் குழு உறுதி செய்ய வேண்டும். சந்தாவும் போதிய அளவு இருக்க வேண்டும்: மனுச் செய்யும் மாதத்துக்கு முந்திய 40 மாதங்களில் 24 மாதச் சந்தா கட்டியிருந்தால் முழுத் தகுதி உண்டு. அதற்குக் குறைந்தவர்களுக்கும் வேறு கணக்கில் வழி இருக்கக்கூடும்; ஆகவே கேட்காமல் விட்டுவிடாதீர்கள். விபத்து உதவிக்கோ இத்தனை மாதச் சந்தா என்ற நிபந்தனை கிடையாது. வேலையில் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். பிறப்புப் பத்திரத்தையும் அடையாள அட்டையையும் எவ்வளவு பத்திரமாக வைக்கிறீர்கள்! அதே பெட்டியில் சம்பளச் சீட்டுகளையும், மருத்துவ விடுப்புச் சீட்டுகளையும், ஆஸ்பத்திரி அட்டைகளையும் வையுங்கள். வீட்டுக்காரர் காயத்தோடு திரும்பும் நாளில், "மருந்து போட்டீர்களா?" என்று கேட்பதோடு, "ஆபீசில் எழுதி வைத்தார்களா?" என்றும் கேளுங்கள்.