இரண்டு திரை, ஓர் அட்டை

மதுரை கோச்சடையில் மார்கழி விடியலில் வாசல்களைப் பாருங்கள், புள்ளிக் கோலங்கள்! கணினித் திரையும் ஒரு புள்ளிக் கோலம்தான். முழு எச்.டி. திரை ஒன்றில் 1920 × 1080, அதாவது 20,73,600 புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் கணக்கிட்டுத் தருவது கிராஃபிக்ஸ் அட்டை.

அப்படியானால், இன்னொரு திரையை இணைத்தால் அட்டையின் வேகம் பாதியாகிவிடுமா? ஆகாது. பக்கத்து வாசலிலும் ஒரு கோலம் போட்டாயிற்று; அது அழியும்வரை மீண்டும் போட வேண்டியதில்லை அல்லவா? அதுபோல, வரைந்த படம் அட்டையின் நினைவகத்தில் இருக்கும். அதை விநாடிக்கு 60 முறை படித்துத் திரைக்கு அனுப்பத் தனி மின்சுற்று உண்டு. இரண்டாம் திரையில் பாடக்குறிப்பு அசையாமல் நின்றால், கூடுதல் வேலை மிகக் குறைவு. காணொளி ஓடினால் சற்றுக் கூடும்.

ஆனால், ஒரே விளையாட்டை மூன்று திரைகளில் பரப்பினால்? ஒவ்வொரு படத்துக்கும் 62,20,800 புள்ளிகளைப் புதிதாகக் கணக்கிட வேண்டும். அப்போது வேகம் வெகுவாகக் குறையும்.

ஆகவே நண்பர்களே, திரைகளை எண்ணாதீர்கள். மாறும் புள்ளிகளை எண்ணுங்கள்! படிப்பதற்காக இரண்டாம் திரை வாங்குகிறீர்களா? அட்டையில் இன்னொரு இணைப்புத் துளை இருந்தால் போதும். புதிய அட்டைக்குப் பணம் செலவிட வேண்டாம்.