பழைய கைக்கடிகாரமும் அணையாத நஞ்சும்

நெடுங்காலம் பெட்டகத்திற் கிடந்த கைக்கடிகாரம் ஒன்று கைக்கு எட்டியதும், அதன் சாவியை முறுக்கிப் பார்க்க விழைவது மனித இயல்பு. அவ்விழைவை அடக்குவதே புதுப்பித்தலின் முதற்படியாகும். பல்லாண்டுகளில் எண்ணெய் வற்றிப் பசைபோல் இறுகியிருக்கும். அந்நிலையில் ஓடவிடின், அழுக்கு அச்சுமுனைகளை அராவித் தேய்த்துவிடும்.

1945ஆம் ஆண்டிற் பிரித்தானியப் படையினருக்கென ஆக்கப்பட்ட சுவிற்சர்லாந்துக் கடிகாரங்களை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஒமேகா, லோஞ்சீன், சீமா முதலான 12 நிறுவனங்கள் ஒரே விதிமுறைப்படி அவற்றைச் செய்தன. கரிய முகப்பும், 15 கற்கள் பதித்த இயந்திரமும், பின்மூடியில் அரசுடைமையைக் காட்டும் அம்புக்குறியும் அவற்றின் அடையாளங்கள். பின்மூடியை மெருகிட்டால் அம்புக்குறி தேயும். அதனோடு கடிகாரத்தின் வரலாறும் அழியும்.

இயந்திரத்தைக் கழற்றிக் கழுவி, அச்சுமுனைகள் சுழலும் கற்களுக்குத் துளியளவு புது எண்ணெய் இட்டால், மணிக்கு 18,000 முறை துடிக்கும் சமனாழி பெரும்பாலும் மீண்டும் உயிர்பெறும். முகப்பின் நிலையோ வேறு.

இருளில் நேரம் தெரியும்பொருட்டு எண்களிலும் முட்களிலும் இரேடியம் கலந்த பூச்சு இடப்பட்டது. இரேடியத்தின் கதிர்கள் தாக்கத் துத்தநாகச் சல்பைட்டு ஒளிரும். சில பத்தாண்டுகளிற் சல்பைட்டு சிதைந்து ஒளி மங்கிவிடும். ஆயின், இரேடியம் பாதியாகக் குறைவதற்கே ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் வேண்டும். ஒளி போனமையால் நஞ்சும் போயிற்றென எண்ணுவது பெரும் பிழை.

இதன் கொடுமையை முதலில் அனுபவித்தோர் தொழிலாளப் பெண்களே. 1917ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவின் நியூ யேர்சி மாநிலத்தில், ஒறேஞ்ச் நகரத் தொழிற்சாலையில், அவர்கள் தூரிகையை உதட்டாற் கூராக்கி முகப்புகளுக்குப் பூச்சிட்டனர். பலரின் தாடையெலும்பு அழுகியது, பலர் இறந்தனர். ஐந்து பெண்கள் தொடுத்த வழக்கு 1928ஆம் ஆண்டில் இழப்பீட்டுடன் முடிவுற்றது.

கண்ணாடிக்குள் மூடியிருக்கும்வரை உதிரும் தூள் வெளிப்படாது. பூச்சைச் சுரண்டினால் அத்தூள் மூச்சுடன் உட்செல்லும். ஆதலின் முகப்பைத் தேய்த்தலும் புதிதாகத் தீட்டுதலும் ஆகா. பயிற்சியும் பாதுகாப்புச் சாதனங்களும் உள்ள வினைஞரிடமே அதனை ஒப்படைத்தல் வேண்டும். மூடி திறந்த பழங்கடிகாரத்தைச் சிறுவர் கையில் விளையாடக் கொடுத்தல் ஒருபோதும் தகாது.