வாவிக்கரைப் பிள்ளைகளும் நிலவுருவப் பாடமும்

மட்டக்களப்பு வாவியின் இரு மருங்கையும் நம்மவர் எழுவான்கரை என்றும் படுவான்கரை என்றும் வழங்கி வருகின்றனர். ஞாயிறு எழும் பக்கம் ஒன்று, படும் பக்கம் மற்றையது. தேசப்படமோ திசையறி கருவியோ கையில் இல்லாத மக்கள் தாம் வாழ்ந்த நிலத்தைப் பார்த்து இட்ட பெயர்கள் இவை. ஐந்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கக்கூடிய புவியியல் இதைவிட வேறில்லை. ஆயினும் அதே பிள்ளை பாடசாலையில் நிலவுருவங்களைப் பற்றிக் கற்கத் தொடங்கும்போது, மலை, பள்ளத்தாக்கு, மேட்டுநிலம், நீர்வீழ்ச்சி என்னும் வழக்கமான வரிசையே அதன் முன் வைக்கப்படுகின்றது. காத்தான்குடியிலோ களுவாஞ்சிகுடியிலோ பிறந்த பிள்ளை அவற்றுள் ஒன்றையேனும் கண்ணால் கண்டிருக்காது. கண்டிருப்பதோ கடலும் வாவியும் அவற்றிற்கிடையே நீண்டு கிடக்கும் மணற்றரையும். அந்த மணற்றரைக்கு ஒரு பெயர் உண்டு என்பதையும், அது எவ்வாறு உருவானது என்பதையும் அப்பிள்ளைக்குச் சொல்வார் இல்லை.

இக்கட்டுரையாளர் ஆரம்ப வகுப்பில் பயின்ற காலத்தில், நாற்புறமும் நீரால் சூழப்பட்ட நிலம் தீவு எனப்படும் என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் ஒப்புவித்ததுண்டு. அந்த வகுப்பறை இருந்தது புளியந்தீவில். நாம் நிற்பதே ஒரு தீவு என்று ஆசிரியரும் சொல்லவில்லை, எமக்கும் தோன்றவில்லை. நாள்தோறும் பாலத்தைக் கடந்து வந்த பிள்ளைகளுக்குக்கூட, எதற்காக அந்தப் பாலம் என்ற கேள்வி எழாமற் போனதுதான் வேடிக்கை.

நிலைமை அன்று போல் இன்று இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1999ஆம் ஆண்டு முதல் நாடளாவிய ரீதியில் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்னும் பாடத்தை ஆரம்ப வகுப்புகளின் ஒருங்கிணைந்த பாடமாக அமைத்தது. விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை ஆகிய மூன்றும் கலந்தே கற்பித்தல் நடைபெற வேண்டும் என்பது அதன் அடிப்படை. காந்தியடிகள் 1937இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியும், லூசி ஸ்ப்ரேக் மிச்சல் 1934இல் நியூயோர்க்கில் வெளியிட்ட 'இளம் புவியியலாளர்கள்' என்னும் நூலும் வேறு வேறு வழிகளில் வற்புறுத்தியதும் இதனையே. பிள்ளை தன் சூழலில் நடந்து, தொட்டு, செய்து பார்த்தே நிலத்தை அறிய வேண்டும் என்பதே அக்கருத்து. ஆகவே குறை கொள்கையில் இல்லை. ஒப்படை, செயற்றிட்டம் என்ற பெயரில் நடப்பவற்றிலேயே குறை இருக்கின்றது. ரெஜிபோம் தகட்டில் பச்சைச் சாயம் பூசி, பஞ்சை ஒட்டிப் பனிமலை என்று பெயரிட்டு, தந்தையும் தாயும் நள்ளிரவு வரை விழித்திருந்து செய்த மாதிரியைப் பிள்ளை காலையில் சுமந்து செல்கின்றது. புள்ளியும் பெறுகின்றது. நிலம் பற்றி அது கற்றது எதுவுமில்லை.

செலவின்றிச் செய்யக்கூடிய ஒன்றைக் கூறுவோம். வாவியின் நீளம் ஏறத்தாழ 56 கிலோமீற்றர். ஒரு கிலோமீற்றருக்குப் பத்துச் சென்ரிமீற்றர் என்று கணக்கிட்டால், பாடசாலை முற்றத்தில் ஐந்து மீற்றர் அறுபது சென்ரிமீற்றர் நீளத்தில் அவ்வாவியைக் கீறிவிடலாம். தரம் 5 மாணவருக்கு இது ஓர் எளிய பெருக்கற் கணக்கு. வடக்கே ஏறாவூர்ப் பக்கத்தில் தொடங்கி, புளியந்தீவை வளைந்து, தெற்கே கல்முனைக்கு அயலிலுள்ள கிட்டங்கி வரை கோட்டை இழுத்துச் செல்ல வேண்டும். பின்னர் ஊர்களை வைக்க வேண்டும். கூழாங்கல் ஒன்று ஆரையம்பதி, சிரட்டைத் துண்டு ஒன்று காத்தான்குடி, அடுத்து நாவற்குடா, கல்லடி, குருக்கள்மடம், கோட்டைக்கல்லாறு. அவ்வாறு வைக்கும்போது கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட நிலத்தின் அகலம் அந்தப் படத்தில் பல இடங்களில் ஒரு சாணைத் தாண்டாது என்பதையும், நாவலடியில் அது இரண்டொரு விரல் அகலமாகச் சுருங்கிவிடும் என்பதையும் பிள்ளைகள் தாமாகவே கண்டுகொள்வர். இத்தனை ஊர்களும் இத்தனை ஆயிரம் வீடுகளும் இந்த ஒடுங்கிய மணற்கீற்றிலா இருக்கின்றன என்ற வியப்பு அவர்களுக்கு அங்கேயே பிறக்கும்.

அடுத்ததாக ஆழத்தைக் கேட்க வேண்டும். இரண்டு மீற்றர் ஆழமுள்ள ஓரிடத்தை அதே அளவுத்திட்டத்திற் காட்டினால் அது ஒரு மில்லிமீற்றரின் ஐந்தில் ஒரு பங்கே. அதாவது கொப்பித் தாள் இரண்டின் கனம். பெரும் நீர்நிலை என்று நாம் எண்ணியிருக்கும் வாவி உண்மையில் நிலத்தின்மீது விரித்த மெல்லிய நீர்ப்படலம் என்பதைப் பாடநூலின் எந்தப் படமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிடாது. மழைவெள்ளம் இறங்கியதும் அது ஏன் இவ்வளவு விரைவாகக் கரை மீறுகின்றது என்பதற்கும் விடை அங்கேயே உண்டு.

தமிழ்ப் பாடத்திற்குரிய வேலை ஊர்ப்பெயர்களில் நிறையவே இருக்கின்றது. மண்முனை, கல்முனை, மருதமுனை, நற்பிட்டிமுனை என்பவற்றில் வரும் முனை யாது? நாவற்குடாவிலும் தாழங்குடாவிலும் உள்ள குடா எங்கே? வவுணதீவும் போரதீவும் எதனால் தீவாயின? பாலமீன்மடுவில் உள்ள மடு நீர்ப்பள்ளத்தைக் குறிக்க, குருக்கள்மடத்தில் உள்ள மடம் அதனோடு தொடர்பற்ற வேறு சொல்லாகின்றது. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளே வாதிட்டுக் கண்டுபிடிக்கட்டும். பெற்றோரிடமும் பாட்டன் பாட்டியிடமும், முஸ்லிம் வீடுகளில் வாப்பாவிடமும் மூத்தம்மாவிடமும் கேட்டு, ஊரிலுள்ள குளம், வெளி, துறை, திட்டி ஆகியவற்றின் பெயர்களைத் தொகுத்துவரச் சொல்லலாம். மட்டக்களப்பு என்ற பெயரையே எடுத்துக்கொண்டால், மட்டமான களப்பு என்பாரும் உளர், சேற்றுக்களப்பு என்னும் பொருளுடைய சிங்களச் சொல்லிலிருந்து வந்தது என்பாரும் உளர். வாவி மட்டமானதா, சேறானதா? ஒரு கோலை ஊன்றிப் பார்த்தால் இரு சாராரும் உண்மையையே சொல்கின்றனர் என்பது தெரியவரும். நாம் வாவி என்போம், பாடநூல் களப்பு என்றும் கடனீரேரி என்றும் சொல்லும், தமிழகத்து நூல்கள் உப்பங்கழி என்றும் காயல் என்றும் எழுதும். ஐந்து சொற்களும் ஒரே வகையான நீர்நிலையைத்தான் குறிக்கின்றன என்று அறியாமல், பரீட்சை மண்டபத்தில் விழிக்கும் பிள்ளைகள் பலர்.

மேற்கே உட்புறமாகக் கிரான் பிரதேசத்திலுள்ள குடும்பிமலையும் இவ்வகையிற் சுவையானது. சமவெளியில் தனித்து எழுந்து நிற்கும் பாறைக்குன்று அது. தமிழர் அதிற் குடும்பியைக் கண்டனர், சிங்களவர் தொப்பியைக் கண்டு தொப்பிகல என்றனர், ஆங்கிலேயர் பிரபுவின் தொப்பி என்று பெயரிட்டனர். போர்க்காலச் செய்திகளில் மட்டுமே அப்பெயரைக் கேட்ட தலைமுறைக்கு, அது மண்ணும் மென்பாறையும் அரித்துச் செல்லப்பட்ட பின்னர் எஞ்சிய வன்பாறை என்பதையும் சொல்ல வேண்டும். களிமண்ணுக்குள் ஒரு கல்லைப் புதைத்து மேலே நீரூற்றினால் போதும், மண் கரையக் கல் நிற்கும்.

மண்ணைப் பற்றிய பாடத்திற்கு இரண்டு போத்தல்கள் வேண்டும். எழுவான்கரை மணல் ஒன்றில், படுவான்கரை வயல்மண் மற்றையதில். நீரூற்றிக் குலுக்கி வைத்தால் மணல் உடனே அடியில் தங்கும், வயல்மண் நெடுநேரம் கலங்கலாகவே நிற்கும். ஆறுகள் கொணர்ந்த வண்டல் மேற்கில் நெல் விளைவித்ததும், கடல் குவித்த மணல் கிழக்கில் தென்னையை வளர்த்ததும் இதனால் விளங்கும். மருதமும் நெய்தலும் ஒரு தோணிப்பயணத் தூரத்தில் எதிரெதிராக அமைந்த நிலம் நம்முடையது. தொல்காப்பியம் வகுத்த திணைகளைப் பின்னாளில் மனனம் செய்யப்போகும் பிள்ளைக்கு இதைவிட நல்ல முன்னுரை கிடையாது.

வாவியை விளங்கிக்கொள்வதற்குத் திறவுகோல் முகத்துவாரம். பாலமீன்மடுவிலும் தெற்கே கல்லாற்றிலும் வாவி கடலோடு கலக்கின்றது. நம் கரையோரத்தில் வற்றுப்பெருக்கின் வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆதலால் வாயை எப்போதும் திறந்து வைத்திருக்கும் வலு வற்றுப்பெருக்கிற்கு இல்லை. கோடையில் அலைகள் மணலைக் கொணர்ந்து அடைக்கும், மாரி வெள்ளம் அதனை உடைக்கும். உடையத் தாமதித்தால் மனிதர் வெட்டிவிட வேண்டும். வயல் மூழ்குகின்றது, விரைவில் வெட்டுங்கள் என்பர் படுவான்கரை விவசாயிகள். முன்கூட்டியே வெட்டினால் இறாலும் மீனும் போய்விடும் என்று அஞ்சுவர் மீனவர். நிலவுருவம் ஒன்று மனிதரின் சோற்றோடும் சச்சரவோடும் எவ்வாறு பிணைந்துள்ளது என்பதற்கு இதைவிட நேரான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. வகுப்பை இரு அணிகளாகப் பிரித்து, மணற்பெட்டியில் முகத்துவாரத்தை அமைத்து, எப்போது வெட்டுவது என்று வாதிடச் செய்யலாம். அத்தாங்கு பிடித்த மூதாட்டி ஒருவரையோ தோணிக்காரர் ஒருவரையோ வகுப்பிற்கு அழைத்தால், ஆசிரியருக்குத் தெரியாததும் வெளிவரும்.

இதுவரை கூறியவை அறிவுக்குரியவை. உயிருக்குரியதும் ஒன்றுண்டு. 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை தாய்லாந்தின் புக்கெட் தீவுக் கடற்கரையில், பத்து வயதான டில்லி சிமித் என்னும் ஆங்கிலச் சிறுமி, இரு வாரங்களுக்கு முன் புவியியல் வகுப்பிற் கற்றதை நினைவுகூர்ந்து, ஏறத்தாழ நூறு பேரைக் காப்பாற்றினாள். கடல் நுரைத்துப் பின்வாங்கியதை அவள் அடையாளங் கண்டாள். இந்தோனேசியாவின் சிமுலு தீவில், 1907ஆம் ஆண்டுப் பேரலையின் நினைவைச் சந்ததி சந்ததியாகச் சொல்லி வந்த மக்கள் நிலம் அதிர்ந்தவுடன் மலையில் ஏறினர். சுமார் 78,000 பேரில் ஏழு பேரே மாண்டனர். இவ்விரண்டையும் நம் ஆசிரியர்கள் வகுப்பிற் சொல்வதுண்டு, சொல்லவும் வேண்டும். ஆனால் அப்படியே இங்கு பெயர்த்து வைத்தால் ஆபத்து. இலங்கையின் கிழக்குக் கரையை முதலில் அடைந்தது அலையின் உயர்ந்த பகுதி. கடல் வற்றி எச்சரிக்கும் என்று காத்திருந்திருந்தால் காலம் போயிருக்கும். நிலநடுக்கமும் இங்கு ஓடவைக்கும் அளவிற்கு உணரப்படவில்லை. ஏறிக்கொள்ள மலையும் இல்லை. நாவலடியில் முன்னால் கடல், பின்னால் வாவி. அலை மக்களை வாவிக்குள்ளேயே அடித்துச் சென்றது. கல்லடித் திருச்செந்தூர் முருகன் ஆலயத்தின் சரிந்த கோபுரத்தைப் பார்த்தவர் எவரும் அதன் வலிமையை மறவார்.

ஆகவே மற்றவர் நாட்டுப் பாடம் நமக்குப் பாதி மட்டுமே. மீதிப் பாதி, நம் மணற்றரையின் உருவத்தை அறிவது. எந்த ஒழுங்கை மேடானது, எது பள்ளம், வாவியைக் கடக்கும் பாலம் எத்தனை நிமிட நடையில் இருக்கின்றது என்பவற்றை முற்றத்துப் படத்தில் பிள்ளைகளே குறிக்க வேண்டும். 1924இல் அமைந்த கல்லடிப் பாலமும் அதனருகே 2013இல் திறக்கப்பட்ட புதிய பாலமும், 2014இல் திறக்கப்பட்ட மண்முனைப் பாலமும் வெறும் போக்குவரத்துச் சாதனங்கள் அல்ல என்பது அப்போது புரியும். இதனைக் கற்பிக்கும் ஆசிரியர் பக்குவமாகக் கற்பிக்க வேண்டும். அலையில் உறவுகளை இழக்காத குடும்பம் இக்கரையிற் குறைவு. பிள்ளையை அச்சுறுத்துவது பாடமாகாது.

எழுவான்கரையில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் கோத்த மணிகளைப் போல மாறி மாறி அமைந்துள்ளன. பாடசாலைகள் வேறு, விடுமுறை நாட்காட்டியும் வேறு. மொழியும் பாடநூலும் வாவியும் ஒன்று. ஒவ்வொரு பாடசாலையும் தன் ஊரின் முன்னுள்ள வாவிப்பகுதியை மட்டும் ஒரே அளவுத்திட்டத்தில் செய்து, பின்னர் ஓரிடத்தில் அனைத்தையும் பொருத்திப் பார்க்கலாம். ஆரையம்பதிப் பிள்ளைகளின் துண்டு முடியும் இடத்திற் காத்தான்குடிப் பிள்ளைகளின் துண்டு தொடங்க வேண்டும். கரைக்கோடு பொருந்தாவிட்டால் இரு வகுப்பினரும் அளவுநாடாவோடு எல்லைக்குச் சென்று சேர்ந்தே அளக்க வேண்டியிருக்கும். பள்ளிவாசல் மினாராவும் கோயிற் கோபுரமும் வாவியில் தோணி செலுத்துவோருக்கு வழிகாட்டும் குறிகள் ஆதலால், இரண்டையும் படத்திற் சேர்க்காமல் விட முடியாது.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று ஆசிரியர்கள் கேட்பர். நியாயமான கேள்வியே. புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் தரம் 3 வகுப்பு வரை நீண்டுவிட்டது. நீர்நிலைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வதற்கு அனுமதியும் துணையும் வேண்டும், ஒரு தவறு நேர்ந்தால் பழி ஆசிரியர் தலையில். அதனாலேயே முற்றத்தில் செய்யக்கூடியவற்றை இங்கு முதன்மைப்படுத்தினோம். கணிதப் பாடவேளையில் அளவுத்திட்டம், தமிழ்ப் பாடவேளையில் ஊர்ப்பெயர், சித்திரப் பாடவேளையில் கரைக்கோடு என்று பகிர்ந்தால் மேலதிகமாக ஒரு மணித்தியாலமும் தேவைப்படாது. புலமைப்பரிசில் பரீட்சையும் வழக்கமாக ஆகஸ்ட் மாதத்தில் நடைபெறுவது. அதன் பின்னர் தரம் 5 வகுப்புகள் ஓய்ந்து கிடப்பதை எவரும் அறிவர். வாவியின் நீர்மட்டம் ஏறத் தொடங்குவதும் அதன் பின்னர்தான். ஒக்டோபர் மாதத்தில், மழைக்கு முன்னரே, சென்ரிமீற்றர் குறித்த மூங்கிற் கம்பொன்றைப் பெரியவர் துணையோடு பாதுகாப்பான ஒரு துறையில் நட்டுவைத்து, வாரந்தோறும் ஒரு தடவை அளவெடுத்து எழுதிவந்தால், டிசம்பர் தவணை முடிவதற்குள் பத்துக்கு மேற்பட்ட அளவுகள் கொப்பியிற் சேர்ந்துவிடும். முகத்துவாரம் திறந்த வாரத்தில் நீர்மட்டம் எத்தனை சென்ரிமீற்றர் இறங்கியது என்பது அந்த வரைபிலேயே தெரியும்.