வாசற்கதவின் வார்னிஷ் ஏன் உரிகிறது?

மதுரைக்கு மேற்கே, சமணர்மலை அடிவாரத்திலுள்ள கீழக்குயில்குடியில் நீங்கள் புதுவீடு கட்டுவதாக வைத்துக்கொள்வோம். தேக்குக் கதவின் ரேகை தெரியவேண்டுமென்று நிறமற்ற வார்னிஷ் பூசுகிறீர்கள். சில ஆண்டுகளில், வெயில் விழும் வாசற்கதவில் மட்டும் அது செதில் செதிலாக உரிகிறது. உட்கதவுகளோ புதிதுபோல் இருக்கின்றன. காரணம் என்ன?

மர இழைகளைப் பசைபோல் பிணைத்திருப்பது லிக்னின் என்னும் பொருள். மரத்தின் எடையில் ஏறத்தாழக் கால்பங்கு இதுவே. வெயிலிலுள்ள புறஊதாக் கதிர்கள் நிறமற்ற பூச்சை ஊடுருவி, அடியிலுள்ள லிக்னினைச் சிதைக்கின்றன. இச்சிதைவு மிக மெல்லிய மேற்பரப்பளவில்தான் நிகழ்கிறது. ஆனால் வார்னிஷ் பற்றிக்கொண்டிருப்பது அந்த மேற்பரப்பைத்தானே! பிடிமானம் போனபின் மழைநீர் புகுந்து பூச்சைத் தூக்கிவிடுகிறது. பெயின்டிலுள்ள நிறமித் துகள்கள் கதிர்களைத் தடுத்துவிடுவதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு.

ஆகவே, புறஊதாக் கதிர்களை உறிஞ்சும் பொருள் சேர்த்த வெளிப்புற வார்னிஷையே கேட்டு வாங்குங்கள். அரக்குப் பாலிஷ் வேண்டாம். தண்ணீர் பட்டால் வெளுத்துவிடும். ரேகையின் போக்கிலேயே உப்புத்தாளால் தேய்த்து, தூசியைத் துடைத்து, மெல்லிய பூச்சாக மூன்று நான்கு முறை, ஒவ்வொன்றும் நன்கு காய்ந்தபின் பூசவேண்டும். கதவை மாட்டுமுன் மேல்விளிம்பு, அடிவிளிம்பு இரண்டுக்கும் பூசிவிடுங்கள். மரம் தண்ணீரை வேகமாகக் குடிப்பது இழைகள் முடியும் முனைகளில்தான். கண்ணில் படாததால் பெரும்பாலும் விட்டுப்போகும் இடமும் அதுவே. பளபளப்பு மங்கத் தொடங்கியதுமே, உரியும்வரை காத்திராமல், லேசாகத் தேய்த்து இன்னொரு பூச்சுக் கொடுத்துவிடுங்கள்.